நெட் வேகமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இழுக்கிறது: ரவுட்டரின் வரிசையைச் சரிசெய்ய ஒரு வழிகாட்டி

வீடியோ அழைப்பில் இருக்கிறீர்கள். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடியே உறைந்துபோகிறார். குரல் துண்டு துண்டாக வருகிறது. "கேக்குதா? கேக்குதா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு ஸ்பீடு டெஸ்ட் போட்டால், 100 எம்பிபிஎஸ் என்று கம்பீரமாகக் காட்டுகிறது. பிறகுதான் தெரிகிறது, பக்கத்து அறையில் ஒரு போன் தன்பாட்டுக்கு முந்நூறு படங்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது.

இதற்குப் பலரும் செய்வது, இன்னும் பெரிய பிளானுக்கு மாறுவது. நானும் மாறினேன். 50 எம்பிபிஎஸ் 100 ஆனது. அழைப்பு முன்போலவே உடைந்தது. சிக்கல் வரிசையில் இருந்தது, நான் வேகத்தை வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த வரிசையை வீட்டு ரவுட்டரிலேயே ஒழுங்குக்குக் கொண்டுவர முடியும். ஒரு மாலை நேரம் போதும். பொறுமையாக அளக்கும் மனசு மட்டும் வேண்டும்.

வரிசை எங்கே உருவாகிறது

உங்கள் கணினியிலிருந்து ரவுட்டர் வரை வினாடிக்கு 1000 மெகாபிட் ஓடும். ரவுட்டரைத் தாண்டி வெளியே போகும் பாதையில் அப்லோடு 10 மெகாபிட்தான் என்று வைத்துக்கொள்வோம். வாய் அகன்ற புனலில் குடத்தைக் கவிழ்த்தது போலத்தான். கீழே சொட்டுகிற அளவுக்கு மேல் வருவதெல்லாம் புனலிலேயே தேங்கும். தேங்கும் அந்த இடம்தான் பஃபர்.

பஃபர் கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாதை முழுதாகப் பயன்படாது. ஆனால் மெமரி விலை குறையக் குறைய, கருவி செய்பவர்கள் பஃபரைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். நெட்டில் தகவல் பாக்கெட் என்ற சின்னத் துண்டுகளாகத்தான் போகிறது; ஒரு பாக்கெட்கூடத் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு அளவு பாக்கெட் ஒன்று 1500 பைட், அதாவது 12,000 பிட். ஆயிரம் பாக்கெட் வரிசையில் நின்றால் 1.2 கோடி பிட். 10 எம்பிபிஎஸ் பாதையில் அது காலியாக 1.2 வினாடி ஆகும். "ஹலோ" என்ற உங்கள் குரல் 1001-வதாக வந்து நிற்கிறது. அது போய்ச் சேரும்போது எதிராளி அடுத்த பேச்சுக்கே போயிருப்பார்.

இதில் டிசிபியின், அதாவது பாக்கெட்டுகளை எந்த வேகத்தில் அனுப்புவது என்று முடிவுசெய்யும் இணைய விதிமுறையின், பங்கு முக்கியம். பாதை நிரம்பிவிட்டது என்று டிசிபி தெரிந்துகொள்வது பெரும்பாலும் பாக்கெட் தொலைவதை வைத்துத்தான். 1988-இல் வான் ஜேக்கப்சன் முன்வைத்த நெரிசல் கட்டுப்பாட்டு முறையின் அடிப்படை அது. பஃபர் பெரிதாக இருந்தால் எதுவும் தொலையாது; எதுவும் தொலையாததால் டிசிபி வேகத்தைக் குறைக்காது; குறைக்காததால் பஃபர் விளிம்பு வரை நிரம்பியே நிற்கும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற கணினி நிரலாளர் தன் வீட்டு இணைப்பில் இந்தத் தாமதத்தைத் துருவப்போய், இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். பஃபர் வீக்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

தீர்வு 2012-இல் வந்தது. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் என்ற முறை, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்றுதான் பார்க்கிறது. தொடர்ந்து 100 மில்லிசெகண்ட் நேரத்துக்குக் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால், ஒரு பாக்கெட்டைக் கைவிடும். அப்படியும் அடங்கவில்லையென்றால் அடுத்தடுத்து இன்னும் விரைவாகக் கைவிடும். சட்டென்று வந்து சட்டென்று கலையும் கூட்டத்தை அது தொடுவதில்லை. கலையாமல் நிலைத்து நிற்கும் கூட்டத்தைத்தான் கலைக்கிறது.

அதோடு ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கொடுத்தால் அது எஃப்கியூ-கோடெல். வழக்கமாக 1024 வரிசைகள். பேச்சு, கேம், டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி கேட்கும் கேள்வி) போன்று எப்போதாவது ஒரு பாக்கெட் அனுப்புபவை காத்திருக்காமல் முன்னால் போய்விடும். மொத்தமாக அள்ளுபவை தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளும். யார் கேம், யார் அழைப்பு என்று நாம் பட்டியல் போட்டுத் தரத் தேவையில்லை. இதன் அடுத்த தலைமுறைதான் கேக். 2018-இல் வந்த லினக்ஸ் 4.19 பதிப்பில் சேர்ந்தது. வேகக் கட்டுப்பாடு, தனி வரிசை, வீட்டில் உள்ளவர்களுக்குள் பங்கீடு எல்லாம் ஒரே இடத்தில். புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக கேக்குக்கே போய்விடுங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வரிசை உங்கள் ரவுட்டரில் உருவானால்தான் இந்த முறைகளால் எதையும் செய்ய முடியும். வழக்கமாக அது மோடத்திலோ, சேவை நிறுவனத்தின் கருவியிலோ உருவாகிறது. அங்கே நம் கை எட்டாது. ஆகவே, பாதையின் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக நம் ரவுட்டரை ஓட்டி, வரிசையை நம் பக்கம் இழுத்துக்கொள்கிறோம். கீழே வரும் படிகளெல்லாம் "அந்தச் சற்று எவ்வளவு" என்பதைக் கண்டுபிடிக்கும் வேலைதான்.

முதல் படி: எதையும் தொடும் முன் அளந்து எழுதுங்கள்

வைஃபையில் அளக்காதீர்கள். ரவுட்டரில் நேராக ஒரு கேபிள் செருகிய கணினி வேண்டும். வைஃபையின் சொந்தத் தாமதம் கலந்துவிட்டால் எந்த எண் எதனால் வந்தது என்றே தெரியாது.

பிங் என்பது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம். மூன்று எண்கள் தேவை: சும்மா இருக்கும்போது பிங், முழு டவுன்லோடின்போது பிங், முழு அப்லோடின்போது பிங். வேவ்ஃபார்ம் நிறுவனத்தின் பஃபர்புளோட் சோதனைப் பக்கம் இந்த மூன்றையும் காட்டி, பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி ஒரு கிரேடும் போடும். கிளவுட்ஃபிளேர் ஸ்பீடு டெஸ்டும் சுமையின்போதுள்ள தாமதத்தைக் காட்டும். நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் பக்கத்தில் கூடுதல் விவரத்தை அழுத்தினால் தெரியும். மேக் வைத்திருப்பவர்களுக்கு, 2021-இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து நெட்வொர்க்குவாலிட்டி என்ற கட்டளையே உள்ளே இருக்கிறது. அது நிமிடத்துக்கு எத்தனை சுற்று போய்வரலாம் என்று சொல்லும். 60,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மில்லிசெகண்ட் கிடைக்கும். 300 என்று வந்தால் 200 மில்லிசெகண்ட். மோசம்.

எனக்குப் பிடித்தது பழைய முறை. ஒரு ஜன்னலில் 1.1.1.1 என்ற வெளி முகவரிக்கு பிங்கை ஓடவிட்டு, இன்னொன்றில் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றுவேன். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குவதைப் பார்த்தால் வரிசை நிரம்புவது கண்ணுக்கே தெரியும். என் இணைப்பில் முதன்முறை பார்த்தபோது 9, 9, 10 என்று போய்க்கொண்டிருந்தது. கோப்பைத் தொடங்கிய மறுநொடி 60, 140, 270, 390 என்று ஏறி, 410 அருகே போய் நின்றது. கோப்பை நிறுத்தினேன், அரை வினாடியில் மறுபடி 9. அந்த ஏற்றமும் இறக்கமும்தான் பஃபர் வீக்கத்தின் கைரேகை.

காலையில் ஒன்று, மதியம் ஒன்று, எல்லோரும் நெட்டில் இருக்கும் இரவு நேரத்தில் ஒன்று என்று அளந்து, டவுன்லோடு அப்லோடு வேகத்தையும் கூடவே குறித்துவையுங்கள். சில இணைப்புகளில் முதல் சில வினாடிகள் மட்டும் வேகம் துள்ளிவிட்டு இறங்கும். துள்ளிய எண்ணை எழுதாதீர்கள், நிலைத்த எண்ணை எழுதுங்கள். சுமையில் தாமதம் 20, 30 மில்லிசெகண்ட் மட்டுமே கூடுகிறதென்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். உங்கள் வரிசை ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. கேபிள் இணைப்பில் டாக்சிஸ் 3.1 என்ற கேபிள் தரத்திலான மோடம் இருந்தால் அப்லோடு திசையில் பை என்ற வரிசைக் கட்டுப்பாடு மோடத்துக்குள்ளேயே இருக்கக்கூடும்.

இரண்டாம் படி: தேங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இப்போது வைஃபைக்கு மாறி, வெளியே ஏதோ முகவரிக்குப் பதிலாக ரவுட்டருக்கே பிங் விடுங்கள். பின்னணியில் பெரிய கோப்பு ஓடட்டும். ரவுட்டருக்கான பிங்கே 100, 200 என்று ஏறினால் வரிசை வைஃபையில் இருக்கிறது. அதற்கு வெளிப்பாதையில் எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் பலன் இருக்காது. ரவுட்டரை நகர்த்துவது, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது, மேசைக் கணினிக்குக் கேபிள் இழுப்பது என்று வைத்தியமே வேறு. ரவுட்டருக்கான பிங் அசையாமல் இருந்து வெளி பிங் மட்டும் ஏறினால், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

இங்கே ஒரு பொதுவான குழப்பம். "என் லினக்ஸ் கணினியில் எஃப்கியூ-கோடெல் ஏற்கெனவே இருக்கிறதே?" இருக்கும். பல லினக்ஸ் வகைகளில் அதுதான் இப்போது இயல்பு. ஆனால் கணினியின் ஈத்தர்நெட் போர்ட் 1000 மெகாபிட்டில் சும்மா காலியாக ஓடுகிறது. அங்கே வரிசையே உருவாவதில்லை. வரிசை இல்லாத இடத்தில் வரிசையை நிர்வகித்து என்ன பயன்?

மூன்றாம் படி: ரவுட்டருக்குத் தெம்பு இருக்கிறதா

ரவுட்டரில் நிறுவக்கூடிய திறந்த மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எல்லாம் திறந்த புத்தகமாக இருக்கிறது. மைக்ரோடிக்கின் ரவுட்டர்ஓஎஸ் 7-இலும் கேக் உண்டு. யூபிக்விட்டி ரவுட்டர்களில் ஸ்மார்ட் கியூ என்ற பெயரில் இருக்கும். ஓப்பன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் வைத்திருப்பவர்கள் எஃப்கியூ-கோடெல் போடலாம். மெனுதான் மாறும், எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றே.

வேகக் கட்டுப்பாடு என்பது ஒவ்வொரு பாக்கெட்டையும் சிபியு கையால் தொட்டு அனுப்பும் வேலை. பழைய சிறிய ரவுட்டர் 100 எம்பிபிஎஸ் வரை தாக்குப்பிடித்துவிட்டு 300-இல் மூச்சுவாங்கும். சோதனையின்போது சிபியு பயன்பாட்டைப் பாருங்கள். பல கோர் இருந்தாலும், ஒரு கோர் முழுதாக நிரம்பினாலே கதை முடிந்தது. அப்படியானால் கேக்குக்குப் பதில் இலகுவான எஃப்கியூ-கோடெல்லை முயன்று பார்க்கலாம்.

நான்காம் படி: நிறுவிப் பூர்த்திசெய்வது

ஓப்பன்டபிள்யூஆர்டியின் அமைப்புப் பக்கமான லூசியில், சிஸ்டம் மெனுவின் கீழ் சாஃப்ட்வேர் பகுதிக்குப் போய், பட்டியலைப் புதுப்பித்து, லூசி-ஆப்-எஸ்கியூஎம் என்ற பேக்கேஜை நிறுவுங்கள் (எஸ்கியூஎம் என்பது இந்த வரிசை நிர்வாகத்துக்கான சுருக்கப் பெயர்). பிறகு நெட்வொர்க் மெனுவில் எஸ்கியூஎம் கியூஓஎஸ் என்று ஒரு வரி புதிதாக முளைத்திருக்கும். உள்ளே மூன்று தாவல்கள்.

முதல் தாவலில் இன்டர்ஃபேஸ். வெளியுலகுக்குப் போகும் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; வீட்டுப் பக்கமுள்ள லானை அல்ல. பயனர்பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் பிபிபிஓஇ இணைப்பென்றால் பிபிபிஓஇ-வான் என்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து டவுன்லோடு, அப்லோடு வேகம். முதல் முறை இரண்டிலும் அளந்ததில் 80 விழுக்காட்டைப் போடுங்கள். இந்தப் பெட்டி கேட்பது கிலோபிட் கணக்கு. நான் அவசரத்தில் 80 எம்பிபிஎஸ் என்று நினைத்து வெறும் 80 என்று அடித்துச் சேமித்துவிட்டேன். மொத்த வீடும் 80 கிலோபிட்டில் நின்றது. பக்கம் திறக்கவில்லை, உதவி தேடவும் நெட் இல்லை. "என்னடா பண்ணின?" என்று மூன்று அறைகளிலிருந்தும் குரல். எனவே 80 எம்பிபிஎஸ் என்றால் 80000. சேமிக்கும் முன் பூச்சியங்களை விரல் வைத்து எண்ணுங்கள். பூச்சியத்தை மட்டும் போட்டால் அந்தத் திசையில் கட்டுப்பாடே இல்லை என்று அர்த்தம்.

இரண்டாம் தாவலில் கியூ வகைக்கு கேக், ஸ்கிரிப்டுக்கு பீஸ் ஆஃப் கேக். மற்றதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதல் தாவலில் இயக்கு என்ற பெட்டியை டிக் செய்து சேமித்தால் வேலைசெய்யத் தொடங்கும்.

மறுபடி அளந்து பாருங்கள். அப்லோடின்போது 410 இருந்த இடத்தில் எனக்கு 11 வந்தது. 80 விழுக்காட்டில் யாருக்கும் ஓரளவு இப்படித்தான் வரும். வரவில்லையென்றால் மேலே போகாதீர்கள், கீழே கோளாறுகள் பற்றிச் சொல்லியிருக்கும் பகுதிக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: இழந்த வேகத்தை மெல்ல மீட்பது

இந்த வழிகாட்டியில் நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும், ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது மூன்று முறை அளங்கள்.

அப்லோடில் தொடங்குங்கள். பெரும்பாலான வீடுகளில் அதுதான் ஒல்லியான பாதை. சீக்கிரம் நிரம்புவதும் அதுவே. என் அப்லோடு 20 எம்பிபிஎஸ். 16000-இல் 11 மில்லிசெகண்ட் என்றேன் அல்லவா. 18000 போட்டேன், 12. 19000 போட்டேன், 14. 19500-க்கு ஏற்றியதும் சராசரி 47 ஆகி, நடுநடுவே நூறைத் தொட்டது. அந்தத் துள்ளல்தான் அடையாளம்: வரிசை என் ரவுட்டரிலிருந்து நழுவி மறுபடி மோடத்துக்குப் போய்விட்டது. 18800-க்கு இறக்கி அங்கேயே விட்டேன். மொத்தத்தில் 6 விழுக்காடு விட்டுக்கொடுத்தேன். இன்றுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை.

சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 12, 12, 13, 12, 150 என்று வந்தால் சராசரி 40-க்குக் கீழேதான் காட்டும், ஆனால் அந்த 150-இல்தான் உங்கள் வாக்கியத்தின் முக்கியமான சொல் விழுங்கப்படும். மிக மோசமான எண்ணைப் பாருங்கள்.

டவுன்லோடு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அப்லோடில் பாக்கெட் வெளியேறும் முன்பே நம் கையில் இருக்கிறது. டவுன்லோடில் பாக்கெட்டுகள் ஒல்லியான பாதையைக் கடந்து வந்த பிறகுதான் நாம் பிடிக்கிறோம். தாமதப்படுத்தி அல்லது கைவிட்டு, "மெதுவாக அனுப்பு" என்று தூரத்திலிருக்கும் சர்வருக்குப் புரியவைக்க வேண்டும். அந்தச் செய்தி போய்ச் சேரும்வரை கூடுதலாக வருவது நிறுவனத்தின் பக்கத்தில் தேங்கத்தான் செய்யும். அதனால் இங்கே விளிம்பை அதிகமாக விட வேண்டும், 10 முதல் 15 விழுக்காடு வரை. என் இணைப்பில் 85000-இல் 12 மில்லிசெகண்ட், 90000-இல் 15. 93000 பகலில் நன்றாக இருந்தது. இரவில் 40-ஐத் தாண்டித் துள்ளியது. 90000-இல் நிறுத்திக்கொண்டேன். இரவு எண்தான் உண்மையான எண். பகலில் மட்டும் அளந்து திருப்தியடைந்தவர்கள் இரவில் என்னைத் திட்டுவார்கள்.

ஆறாம் படி: பாக்கெட்டின் மேல்சட்டை எடை

ரவுட்டர் கணக்கில் 1500 பைட் என்று இருப்பது கம்பியில் அதைவிடக் கனமாகப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேலே போர்த்திய தலைப்புகள் உண்டு. இதை ரவுட்டருக்குச் சொல்லாவிட்டால் பெரிய பாக்கெட்டுகளை வைத்து அளந்த எண் சரியாக இருக்கும், சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் நிறைய போகும்போது தவறிவிடும்.

மூன்றாம் தாவலில், ஃபைபர் அல்லது நேரடி ஈத்தர்நெட் இணைப்புக்கு ஈத்தர்நெட் தேர்ந்தெடுத்து 44 பைட் போடுங்கள். கேபிள் மோடத்துக்கு 22. தொலைபேசிக் கம்பியில் வரும் விடிஎஸ்எல்லுக்கு 34. பழைய ஏடிஎஸ்எல் என்றால் ஏடிஎம் என்பதைத் தேர்ந்தெடுத்து 44. ஏடிஎஸ்எல்லில் இதைத் தவறவே விடக் கூடாது. அங்கே எல்லாமே 53 பைட் பெட்டிகளாக வெட்டப்பட்டுப் போகின்றன, ஒவ்வொன்றிலும் 48 பைட்தான் சரக்கு. "வந்து சேர்ந்தது" என்று சொல்லும் 40 பைட் ஒப்புகைப் பாக்கெட் தலைப்புகளோடு சேர்ந்து இரண்டு பெட்டிகளை, அதாவது 106 பைட்டைப் பிடித்துக்கொள்ளும். எந்த வகை என்று சந்தேகமிருந்தால் கூட்டியே போடுங்கள். கூட்டிப் போட்டால் துளி வேகம் போகும். குறைத்துப் போட்டால் வரிசை கை நழுவும்.

ஏழாம் படி: ஆளுக்கு ஒரு பங்கு

தனி வரிசை என்பது இணைப்புக்கு ஒன்று. டோரண்ட் ஓட்டும் ஒருவர் ஐம்பது இணைப்பு திறந்தால் ஐம்பது பங்கு அவருக்கே. கேக்கிடம் இதற்கு மருந்து உண்டு. இரண்டாம் தாவலில் மேம்பட்ட அமைப்புகளைக் காட்டு என்பதையும், பிறகு அதன் கீழே வரும் ஆபத்தான அமைப்புகளைக் காட்டு என்பதையும் டிக் செய்தால் கடைசியில் இரண்டு வெற்றுப் பெட்டிகள் வரும். உள்வரும் திசைக்கு நாட், டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட், இன்க்ரெஸ் என்ற மூன்று சொற்களையும், வெளிச்செல்லும் திசைக்கு நாட், டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட் என்ற இரண்டையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடையே இடைவெளி விட்டு எழுதுங்கள். நாட் என்ற சொல்லை விட்டுவிட்டால் கேக்குக்கு உள்ளேயிருக்கும் கருவிகள் தனித்தனியாகத் தெரியாது, எல்லாம் ஒரே முகவரியாகத் தெரியும். இதைப் போட்ட பிறகு எத்தனை இணைப்பு திறந்தாலும் கருவிக்கு ஒரு பங்குதான்.

டவுன்லோடு 100, அப்லோடு 5 என்பது போல மிகவும் ஏறுமாறான இணைப்பென்றால் வெளிச்செல்லும் பெட்டியில் ஆக்-ஃபில்டர் என்பதையும் சேர்க்கலாம். முழு வேக டவுன்லோடின் ஒப்புகைகளே அப்லோடில் 1, 2 எம்பிபிஎஸ் தின்றுவிடும். அவற்றில் தேவையற்றதை இது வடிகட்டும். 100-க்கு 20 போன்ற இணைப்புகளுக்கு இது வேண்டாம்.

தொடாமல் விட வேண்டியவை

அந்த 5, 100 மில்லிசெகண்ட் எண்களைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். "5-ஐ 1 ஆக்கினால் இன்னும் வேகமாகுமே?" ஆகாது. 100 மில்லிசெகண்ட் என்பது தூரத்து சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரத்தை ஒட்டி வைத்தது. அதைச் சுருக்கினால் சர்வருக்கு வேகத்தைக் குறைக்க அவகாசம் தருவதற்குள் அடுத்த அடி விழும், வேகம் சரியும். மெதுவான இணைப்புகளுக்கு எதிர்த் திசையில் மாற்றம் தேவைப்படும்: 2.4 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே ஒரே ஒரு முழு பாக்கெட் வெளியேறவே 5 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிவிடும். அதை கேக் தானே பார்த்துச் சரிசெய்துகொள்ளும். பூமியிலிருந்து வெகு உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செயற்கைக்கோள் இணைப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் கேக்கின் சாட்டிலைட் அமைப்பைப் பயன்படுத்தலாம். மற்றவர்களுக்கு இயல்பு எண்ணே போதும்.

கேமுக்கு முதலிடம், யூடியூபுக்கு இரண்டாமிடம் என்று போர்ட் எண்களை வைத்துப் பட்டியல் போடும் பழைய பாணியையும் தவிர்க்கச் சொல்வேன். ஆப் மாறும், போர்ட் மாறும், பட்டியல் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். வரிசை குட்டையாக இருந்தால் முன்னுரிமைக்குச் சண்டை போடவே வேண்டியதில்லை.

போட்டும் வேலைசெய்யவில்லையா

வழக்கமான குற்றவாளி ஃபுளோ ஆஃப்லோடிங். ஃபயர்வால் பக்கத்தில் ஹார்டுவேர் ஆஃப்லோடிங் இயங்கினால் பாக்கெட்டுகள் சிபியுவைத் தொடாமலே குறுக்கு வழியில் ஓடிவிடும். வாசலில் காவலாளி நிற்கிறார், கூட்டம் பின்கதவால் போகிறது. இதை அணைத்துவிட்டு மறுபடி அளங்கள். மென்பொருள் ஆஃப்லோடிங்கையும் அணைத்துவிடுவது நல்லது.

ஸ்பீடு டெஸ்ட் முன்பு போலவே முழு வேகம் காட்டினால் தவறான இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நீங்கள் போட்ட எண்ணைவிட வேகம் மிகவும் குறைந்தால் சிபியு திணறுகிறது. நிறுவனம் தந்த மோடமே ரவுட்டராகவும் இருந்து, அதன் வைஃபையில் சில கருவிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், அவை உங்கள் ரவுட்டரைத் தாண்டியே போகின்றன. அவற்றை எந்த கேக்கும் அடக்காது. அந்த வைஃபையை அணைத்து எல்லாவற்றையும் உங்கள் ரவுட்டரின் கீழே கொண்டுவாருங்கள்.

4ஜி, 5ஜி சிம் இணைப்பு வைத்திருப்பவர்களின் பாடு சற்றுக் கடினம். பாதையின் வேகமே நிமிடத்துக்கு நிமிடம் மாறும்போது எந்த எண்ணை நிலையாகப் போடுவது? கேக்-ஆட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் பிங்கைத் தொடர்ந்து கவனித்து, தாமதம் ஏறினால் வேக எண்ணை இறக்கி, அடங்கியதும் ஏற்றும். அதை அமைப்பது தனிக் கதை. அதுவரை, இரவில் அளந்த மோசமான வேகத்துக்குச் சற்றுக் கீழே ஒரு எண்ணைப் போட்டு ஓட்டலாம். நல்ல நேரத்து வேகத்தில் கொஞ்சம் போகும், அழைப்பு உடையாது.

பிளான் மாறினாலோ, மோடத்தை மாற்றினாலோ ஐந்தாம் படியிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும். 200 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறிய பிறகும் "புது பிளான்லயும் 90-தான் வருது" என்று சேவை மையத்தோடு சண்டை போடும் முன், எஸ்கியூஎம் பக்கத்தைத் திறந்து, பழைய 90000 அங்கேயே உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இருபது நிமிடம் சண்டை போட்ட பிறகு பார்த்தவன் சொல்கிறேன்.